வளவு வீட்டில் ஒரு விளையாட்டுப் பள்ளி – செட்டிநாட்டுப் பயணக் குறிப்புகள்

ஜூலை 15, 2025, செவ்வாய் – காரைக்குடி

ஆனி முடியப் போகிறது, வெயில் மட்டும் இறங்குவேனா என்கிறது. மதுரையிலிருந்து திருப்பத்தூர் வழியாக வந்த பஸ்ஸில் ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் அனல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒரு வெள்ளரிப்பிஞ்சை ரெண்டாக உடைத்து, கேட்காமலே பாதியை என் கையில் திணித்தார். "உப்பு இல்ல, சும்மா கடிங்க" என்றார். மதுரையைத் தாண்டினாலே மனுஷர்கள் இப்படித்தான் ஆகிவிடுகிறார்கள்.

நான் ஏன் வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தனியார் விளையாட்டுப் பள்ளிகள் அனுமதிக்கோ புதுப்பிப்புக்கோ விண்ணப்பிக்கும் முன்னால், விதிமுறைப்படி எல்லாம் இருக்கிறதா என்று நேரில் பார்த்து எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. நான் அதிகாரி இல்லை, என் கையெழுத்துக்கு அரசாங்கத்தில் ஒரு மதிப்பும் கிடையாது. அதிகாரி வந்து சொல்லப்போகிற குறையை முன்கூட்டியே சொல்லிவிடுவேன், அவ்வளவுதான். இந்த முறை கூப்பிட்டது செட்டிநாட்டுக் கிராமம் ஒன்றில் பூர்வீக வீட்டில் பள்ளி நடத்தும் ஓர் ஆச்சி. ஊர்ப் பெயரும் பள்ளிப் பெயரும் வேண்டாம்.

லாட்ஜ் ரூம் 1,100 ரூபாய். ஏசி உண்டு, ரிமோட் இல்லை. கீழே போய்க் கேட்டால், "பதினேழாம் நம்பர்காரர் வச்சிருக்காரு, அவர் தூங்குன உடனே வாங்கித் தர்றேன்" என்றார் பையன். ராத்திரி பத்தரைக்கு உண்மையிலேயே கொண்டுவந்து கொடுத்தான்.

பையைத் திறந்தால் இன்னொரு சோதனை. லேசர் அளவுமானியின் பேட்டரி கசிந்து, உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. செக்காலை ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடையில் டேப் கேட்டேன். ஐந்து மீட்டர் டேப் 180 ரூபாய். கடைக்காரர் விலையைச் சொன்ன கையோடு, "வீடா, கடையா?" என்றார். குழந்தைகள் பள்ளி என்றதும் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வேறொன்றைக் கொடுத்தார். "அது ஓரம் அறுக்கும்மா. பிள்ளைக கையில எடுத்துரும். இது ரப்பர் போட்டது." பத்து ரூபாய் கூட. குறை கண்டுபிடிக்க வந்தவளுக்கே முதல் குறையைச் சொன்னவர் அவர்தான்.

ராத்திரிச் சாப்பாடு இடியாப்பமும் கோஸும். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு தகவல்: இங்கே கோஸ் என்றால் முட்டைகோஸ் இல்லை, வெங்காயம் தக்காளி உருளைக்கிழங்கு போட்ட குழம்பு மாதிரி ஒன்று. கூடவே ரெண்டு வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்ச் சட்னி. மொத்தம் 110 ரூபாய். சட்னி காது வரைக்கும் எரிந்தது.

ஜூலை 16, புதன் – வளவு

காலை எட்டரைக்கு ஆட்டோ. ஓட்டுகிற அண்ணன் 350 கேட்டார், 300க்கு வந்தார், இறங்கும்போது நானே 350 கொடுத்தேன். ரோடு அப்படி.

வீட்டைப் பற்றி என்ன சொல்ல. ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். முகப்பு, பட்டாலை என்கிற கூடம், அப்புறம் வளவு: நடுவில் வானம் தெரிகிற முற்றம், சுற்றி பர்மாத் தேக்குத் தூண் வைத்த தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாகப் பூட்டிய அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்று கட்டியது. அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி, கிணறு. வெள்ளைக்கரு கலந்து பூசிய சுண்ணாம்புச் சுவரில் கை வைத்தால் இந்த வெயிலிலும் குளுகுளுவென்று இருக்கிறது. முகப்பில் மகாலட்சுமி படத்துக்குக் கீழே அ, ஆ, இ, ஈ அட்டை.

ஆச்சி வாசலுக்கே வந்து, "வாங்க வாங்க, பலகாரம் சாப்டுட்டுத்தான் வேலை" என்றார். வேலை முடியாமல் எங்கேயும் சாப்பிடுவதில்லை என்பது என் பழக்கம். அதை இங்கே சொன்னால் மரியாதை இல்லை. மசாலா சீயம் நாலு உள்ளே போனது.

அப்புறம் நான் எப்போதும் செய்கிற காரியம்: தரையில் உட்கார்ந்துவிட்டேன். நின்றபடி பார்த்தால் அது மாளிகை. மூன்று வயதுக் குழந்தையின் கண் மட்டத்தில் பார்த்தால் நிலைப்படிகள், ஜன்னல் கம்பிகள், தூணின் கருங்கல் அடிப்பீடத்துக் கூர் முனைகள். உட்கார்ந்த இடத்திலிருந்தே மூன்று குறை எழுதினேன். நிலைப்படி எட்டு அங்குலம், சாய்தளம் இல்லை. ஜன்னல் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே நாலே முக்கால் அங்குலம். தலை நுழையாமல் இருக்க நான் வைத்திருக்கும் கணக்கு 10 சென்டிமீட்டர், அதாவது நாலு அங்குலம். மூன்றாவது அந்தக் கம்பியில் இருந்த பெயின்ட். பச்சைக்கு மேல் நீலம், நீலத்துக்கு மேல் மறுபடி பச்சை, செதில் செதிலாக உரிகிறது. குழந்தை வாய் வைக்கும் உயரத்தில் பல் தடமே இருந்தது. நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த பெயின்ட்டில் என்ன இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. உலர வைத்துச் சுரண்டக் கூடாது, தூசு பறக்கும். ஈரம் பண்ணித் தேய்த்து எடுத்து, கந்தலை மூட்டை கட்டிப் போட்டு, பிள்ளைகள் இல்லாத லீவு நாளில் செய்ய வேண்டும்.

இனி இடக் கணக்கு. 2013இல் வந்த தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு, கல்விக் கொள்கையோடு தர அளவுகோலும் வந்தது. 30 குழந்தைகளுக்கு 35 சதுர மீட்டர் வகுப்பறை, வெளியே விளையாட 30 சதுர மீட்டர். மூன்றிலிருந்து ஆறு வயது வரை 20 குழந்தைக்கு ஒரு பெரியவர், மூன்றுக்குக் கீழே 10 குழந்தைக்கு ஒருவர். குடிதண்ணீர், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, தூங்க இடம், முதலுதவிப் பெட்டி என்று மீதி.

ஆச்சி காட்டிய வரைபடத்தில் எல்லாம் தாராளமாகத்தான் இருந்தது. ரொம்பத் தாராளம். அதுதான் சந்தேகம் கொடுத்தது. கூட்டிப் பார்த்தால் முற்றத்தை வகுப்பறையோடும் சேர்த்திருக்கிறார்கள், விளையாட்டு மைதானத்தோடும் சேர்த்திருக்கிறார்கள்! வரைந்தவர் மேல் கோபம் வரவில்லை. செட்டிநாட்டு முற்றம் வீட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்டால் நான் மட்டும் என்ன சொல்வேன். ஆனால் மழை பெய்தால் நனைகிற இடம் வகுப்பறை ஆகாது. முற்றத்தை எடுத்துவிட்டு மூன்று பக்கத் தாழ்வாரத்தை அளந்தால் 41 சதுர மீட்டர். பதிவேட்டில் 38 பிள்ளைகள், அவர்களுக்கு 44க்கு மேல் வேண்டும். ஆபீஸ் மேசையையும் ரெண்டு இரும்புப் பீரோவையும் முகப்புக்கு நகர்த்தினால் குறைகிற மூன்றரை சதுர மீட்டர் கிடைத்துவிடும். ஆச்சி அப்போதே ஆள் விட்டு நகர்த்தச் சொன்னார். பீரோ நகரும் சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த நாலு பிள்ளைகள் எழுந்து அழுதன.

விளையாட்டுச் சாமான்களில் பிளாஸ்டிக் எல்லாம் ஐஎஸ்ஐ முத்திரையோடு சரியாக இருந்தன. 2021 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். ஆச்சியின் பெருமை வேறு ஒன்று: தேக்கில் கடைந்த ரெண்டு பல்லாங்குழி, ஒரு கிண்ணம் நிறையச் சோழி. "எங்க அப்பத்தா ஆடுனது." என் பையில் ஒரு சின்ன உருளை இருக்கிறது. 31.7 மில்லிமீட்டர் விட்டம், சாய்வான அடி. எந்தப் பொருள் அதற்குள் முழுசாக அடங்குகிறதோ அது மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் தொண்டையில் அடைக்கக்கூடியது என்பது கணக்கு. சோழியைப் போட்டேன். ஒன்றில்லை, நாலு சேர்ந்து போயின. ஆச்சி உருளையை வாங்கி, தானே புளியங்கொட்டையைப் போட்டுப் பார்த்தார், தன் மோதிரத்தைப் போட்டுப் பார்த்தார், கடைசியில் முகப்பில் வைத்திருந்த வெற்றிலைப் பெட்டிப் பாக்கைப் போட்டுப் பார்த்தார். பாக்கும் போனது. பெட்டி அலமாரி உச்சிக்குப் போனது. சோழி பெரிய பிள்ளைகளுக்கு மட்டும், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது என்று முடிவு.

பன்னிரண்டே கால். இதுதான் நான் காத்திருந்த நேரம்.

ஆசிரியர் விகிதத்தைப் பதிவேட்டில் பார்ப்பது வீண். எந்தப் பள்ளியிலும் பதிவேடு சரியாகத்தான் இருக்கும். நாளின் மோசமான பத்து நிமிஷம் எது என்று கண்டுபிடித்து அப்போது தலையை எண்ண வேண்டும். சாப்பாடு முடிந்து, கை கழுவி, கழிப்பறைக்குப் போய், சீக்கிரம் போகிற பிள்ளைகளின் வேன் வந்து நிற்கிற நேரம் அது. இன்று வந்தவை 34 பிள்ளைகள், அதில் மூன்று வயது ஆகாதவை எட்டு. ரெண்டு டீச்சர், ஓர் ஆயாம்மா. கணக்குக்கு மூன்று பேர் சரி. பன்னிரண்டு இருபதுக்கு ஒரு டீச்சர் வாசலில் வேன் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தார். ஆயாம்மா ரெண்டு பிள்ளைகளோடு பின்கட்டில். வளவில் ஒரே டீச்சர், 32 பிள்ளைகள். அதில் ஒரு பொடியன் என் புது டேப்பின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு தூணைச் சுற்றி ஓடினான். ரப்பர் ஓரம் வாழ்க.

அந்த டீச்சரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரு கையால் ஒருத்தியின் மூக்கைத் துடைத்து, இன்னொரு கையால் டிபன் பாக்ஸை மூடி, வாயால் பாட்டும் பாடினார். ஆச்சியிடம் கேட்டால் அவர் சொல்வதும் நியாயம்தான். மூன்றாவது டீச்சர் போட்டால் ஃபீஸ் ஏற வேண்டும், ஏறினால் பாதிப் பேர் பிள்ளையைக் காரைக்குடி வேனில் ஏற்றிவிடுவார்கள். நான் சொன்னது காசு செலவில்லாத வழி: வேன் வருகிற நேரத்தைப் பன்னிரண்டே முக்காலுக்குத் தள்ளுங்கள், சாப்பாட்டை ரெண்டு பந்தியாகப் போடுங்கள். கல்யாண வீட்டில் செய்கிறதுதானே.

பின்கட்டுக்குப் போனேன். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் ரெண்டரை அடி, மேலே இரும்பு வலை மூடி, மூடிக்குப் பூட்டு இல்லை. கழிப்பறைக்குப் போகிற வழி அந்தக் கிணற்றை ஒட்டி. அதற்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் சாப்பிட நிழலுக்காகக் கீற்றுக் கொட்டகை. கொட்டகையின் ஓரத்தில் பால் காய்ச்சுகிற கேஸ் அடுப்பு.

எனக்குப் பேச்சு வரவில்லை. இன்றைக்குத் தேதி ஜூலை 16. கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் 94 பிள்ளைகள் வெந்துபோனது 2004இல் இதே தேதியில். சத்துணவுக் கூடத்துத் தீ, கீற்றுக் கூரை, குறுகலான வழி. அதற்குப் பிறகுதான் நீதிபதி சம்பத் கமிஷன், பள்ளிகளில் கீற்றுக்குத் தடை, தீயணைப்புத் துறைச் சான்று என்று எல்லாம் இறுகியது. ஆச்சியிடம் தேதியை மட்டும் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் கொட்டகையையே பார்த்தார். "குளுமையா இருக்கும்னு போன மாசம் போட்டது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, உள்ளே திரும்பி, "டேய், கீத்தப் பிரிக்க ஆளக் கூப்புடு, இப்பவே" என்றார். ரெண்டு மணிக்குள் வேலை ஆரம்பித்துவிட்டது.

தீயணைப்பான் ஒன்று உண்டு. ஆறடி உயரத்தில், அழகாக. அழுத்தம் காட்டுகிற முள் சிவப்பில். ரீஃபில் செய்யக் காரைக்குடிக்கு அனுப்ப வேண்டும்.

அடுத்து, அவசரத்துக்கு இரண்டாவது வழி. செட்டிநாட்டு வீட்டில் முன்வாசலில் நின்றால் பின்வாசல் நேர்கோட்டில் தெரியும் என்பார்கள். இந்த வீட்டிலும் கட்டியபோது தெரிந்திருக்கும். இப்போது இரண்டாங்கட்டின் கடைசிக் கதவில் உள்ளங்கை அளவு பூட்டு. அந்தப் பக்கம் இன்னொரு பங்காளியின் பாகம், சாவி கோலாலம்பூரில் இருக்கிற அண்ணனிடம். ஆக, இத்தனை பெரிய வீட்டுக்கு வழி ஒன்றே ஒன்று.

மூன்று மணிக்குத் திடீர் மழை. பதினைந்து நிமிஷம் கொட்டியது. முற்றத்தில் நாலு மூலையிலிருந்தும் தண்ணீர் விழ, பிள்ளைகள் கூச்சல். தாழ்வாரத்து ஓரம் ஆத்தங்குடிக் கல் நனைந்து பளபளத்தது. அதில் கால் வைத்தேன், சறுக்கி உட்கார்ந்தேன். இருந்த பிள்ளைகள் எல்லாரும் கைதட்டினார்கள். அறிக்கையில் "தரை, ஈரமானால் வழுக்கும்" என்று எழுதியது இடுப்பு வலியோடு.

ஜூலை 17, வியாழன் – ஆடி ஒன்று

காலையில் லாட்ஜுக்கு எதிரில் டீ 15 ரூபாய். ஊரே ஆடிப் பிறப்புக் களையில் இருந்தது. புதுமாப்பிள்ளை ஒருவர் தட்டுகளோடு காரில் ஏற முடியாமல் ஏறிக்கொண்டிருந்தார்.

ஆச்சி வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி அங்கன்வாடி. இதைப் பார்க்க எனக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. ஒரே ஊரில் ரெண்டையும் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி. பணியாளரிடம் கேட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். ஒரே அறை, ஒரு சமையல் கட்டு, சுவர் முழுக்க யானையும் மயிலும். தமிழ்நாட்டில் இப்படி 54 ஆயிரத்துக்கு மேல் மையங்கள். 1975 அக்டோபர் 2இல் நாட்டில் 33 வட்டாரங்களில் மட்டும் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இது, இந்த வருஷம் ஐம்பது.

எடை போடுகிற நாள் அது. உத்தரத்தில் தொங்கும் தராசு, அதில் கால்சட்டை மாதிரி ஒரு பை. ரெண்டு வயது எட்டு மாதப் பெண் குழந்தையை அதில் நுழைத்தார்கள். கால் தரையில் படாது என்று தெரிந்ததும் வீறிட்டது. பணியாளர் முள் ஆடி நிற்கும் வரை காத்திருந்தார். பத்து கிலோ அறுநூறு. வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்தார், முந்தைய மாதப் புள்ளியோடு இணைத்தார். "பச்சைக்குள்ளதான் இருக்கு. ஆனா கோட்ட ஒட்டிப் போகுது பாருங்க. போன மாசம் இவ அம்மா ஊருக்குப் போயிட்டா, பாட்டி கிட்ட இருந்துச்சு" என்றார். அப்புறம் மேல்கையில் நாடாவைச் சுற்றினார். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. இந்தக் குழந்தைக்குப் பச்சை. குழந்தைக்கு ஒரு சத்துமாவு உருண்டை கொடுத்ததும் அழுகை நின்றது.

நேற்று பார்த்த பள்ளியில் 38 பிள்ளைகளுக்கும் அழகான கோப்பு உண்டு. ஒன்றிலும் எடை இல்லை. என் சரிபார்ப்புத் தாளில் காலாண்டு மருத்துவப் பரிசோதனை என்று ஒரு வரி இருக்கிறது. தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்கு தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் கொடுத்த வழிகாட்டுதலில் உள்ளதுதான். அதை யாரும் பெரிசாக எடுத்துக்கொள்வதில்லை. ஃபீஸ் கட்டுகிற வீட்டுப் பிள்ளை இளைக்காது என்று நினைப்பு போல.

சாப்பாடு பன்னிரண்டு மணிக்கு. கலவை சாதம், கீரை போட்டது. மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்பது 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அதன் அட்டவணையிலேயே இருந்த கணக்கு. ஊட்டக் குறைவு என்றால் 800 கலோரி. 2023இல் அந்த அட்டவணையைத் திருத்திவிட்டார்கள். உதவியாளர் அம்மா அளவுக் கரண்டியை வைத்துத்தான் போட்டார், ஆனால் ஒரு பையனுக்கு மட்டும் கரண்டிக்கு மேலே குவித்துப் போட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

சரி, அங்கே பன்னிரண்டு இருபதுக்கு எண்ணினேனா? எண்ணினேன். உதவியாளர் பாத்திரம் கழுவ, பணியாளர் போஷன் டிராக்கர் செயலியில் வருகைப் படம் ஏற்ற சிக்னல் தேடி ஊருணிக் கரைக்குப் போயிருந்தார். அறையில் 14 பிள்ளைகளும் நானும். யாரும் சம்பளம் கொடுக்காத விருந்தாளி ஒருத்தி அந்த ஏழு நிமிஷமும் விகிதத்தைக் காப்பாற்றினாள். அரசு, தனியார் என்ற பேதமெல்லாம் இந்த நேரத்துக்கு இல்லை. கழிப்பறைக் கதவின் கீழ்ப்பாதி உளுத்து விழுந்து, சாக்கு கட்டியிருந்தது. மூன்று முறை எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.

மத்தியானம் ஆத்தங்குடி. வழுக்கிய கல்லைப் பற்றிக் கேட்காமல் போக மனசில்லை. பட்டறையில் ஒருவர் கண்ணாடிப் பலகை மேல் இரும்புச் சட்டம் வைத்து, பூ அச்சுக்குள் கரண்டியால் வர்ணம் ஊற்றினார். அச்சை எடுத்ததும் வர்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நின்றன. மேலே உலர்ந்த சிமென்ட் மணல், அதற்கு மேல் ஈரக் கலவை, கொத்துக் கரண்டியால் ஒரு வழிப்பு. அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊறல். கண்ணாடியில் பட்ட முகம்தான் அந்தப் பளபளப்பு, வேறு மெருகு இல்லை. ஸ்கூல் விஷயத்தைச் சொன்னேன். "முத்தத்து ஓரம் இதப் போடக் கூடாதுங்க. அந்தக் காலத்துல அங்க கருங்கல்லுதான் இருந்திருக்கும். யாரோ பின்னாடி மாத்திருக்காங்க" என்றார் கை நிறுத்தாமல். திரும்பி வந்து போன் போட்டால், ஆச்சி சொல்கிறார்: ஆமாம், 2009இல் ஒரு கல்யாணத்துக்காகக் கருங்கல்லைப் பெயர்த்துவிட்டு மாற்றினோம், கல் இன்னும் பின்கட்டில்தான் அடுக்கி இருக்கிறது.

ஆட்டோ அண்ணன் திரும்பும் வழியில் தன் பேத்தியை எங்கே சேர்க்கலாம் என்று கேட்டார். எந்தப் பள்ளி என்று சொல்லவில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்று பாருங்கள் என்றேன். "அந்நேரம் எங்கக்கா உள்ள விடுவாய்ங்க?" என்றார்.

ஜூலை 18, ஆடி வெள்ளி – பூட்டு

கொப்புடையம்மன் கோயில் பக்கம் போகவே முடியவில்லை. பூ முழம் 40 ரூபாய், நேற்று 20. ஆச்சி வீட்டில் கும்மாயம் வைத்திருந்தார்கள்: வறுத்த உளுந்தும் பாசிப்பருப்பும் பச்சரிசியும் திரித்த மாவு, கருப்பட்டி, நெய். கரண்டியிலிருந்து விழ மாட்டேன் என்று நெய்யோடு நிற்கிறது. ரெண்டாவது தடவை வேண்டாம் என்றதை யாரும் காதில் வாங்கவில்லை.

அறிக்கையை வாசித்தேன். கட்டட உறுதிச் சான்று, 1965ஆம் வருஷத்துப் பொதுக் கட்டட உரிமச் சட்டப்படி வட்டாட்சியர் தரும் உரிமம், தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று என நாலு காகிதமும் வேண்டும். சுகாதாரம் மட்டும் கையில் இருக்கிறது. உறுதிச் சான்றுக்கு வருகிற இன்ஜினியர் சுண்ணாம்புக் கட்டடம் தெரிந்தவராக இருக்கட்டும் என்று சொன்னேன். சிமென்ட் மட்டுமே பார்த்தவர் வந்தால் நூறு வருஷம் நிற்கிற சுவரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். கிணற்று மூடிக்குப் பூட்டு வந்திருந்தது. கீற்று போய்விட்டது, அதன் இடத்தில் இப்போதைக்கு வெயில். பிள்ளைகள் பட்டாலையில் ரெண்டு பந்தியாகச் சாப்பிட்டார்கள். பன்னிரண்டு இருபதுக்கு எண்ணினேன்: வளவில் டீச்சர் ரெண்டு பேர், 31 பிள்ளைகள். இன்னும் சரியில்லை. மூன்று வயது ஆகாதவர்களுக்கென்று தனியாக ஒருவர் வேண்டும். நேற்றைக்கு முந்தின நாளுக்கு இது தேவலை.

பெரிய விஷயம் வாடகைப் பத்திரம். ஏழு பங்குதாரர்களில் நாலு பேர்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மிச்ச மூன்று பேர் கையெழுத்து இல்லாமல் உரிமத்துக்கு விண்ணப்பித்தால் திரும்பி வரும். அதைப் பேசத்தான் ரெண்டு பங்காளிகள் தேவகோட்டையிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் வந்திருந்தார்கள். கோலாலம்பூர் அண்ணன் வீடியோவில். ஒருவரை ஒருவர் "வாங்க", "சொல்லுங்கண்ணே" என்று பன்மையிலேயே பேசிக்கொண்டார்கள். முக்கால் மணி நேரத்தில் குரல் ஒரு தடவைகூட உயரவில்லை, ஒரு அங்குலமும் யாரும் நகரவில்லை. கையெழுத்து ஆவணிக்கு அப்புறம் பார்க்கலாம் என்று ஆனது. ஆடியில் பத்திரம் எழுதுவார்களா என்ன.

பின்கதவுக்கு மட்டும் அண்ணன் இறங்கி வந்தார். "பிள்ளைக பாதுகாப்புன்னு சொல்றீங்க, தொறந்துக்கங்க. ஆனா சாவி எங்கிட்ட இல்லியே. தேவகோட்டையில சம்பந்தி வீட்டுல இருக்கு." அங்கிருந்து பைக்கில் ஒரு பையன் ஒரு மணி நேரத்தில் வந்தான். சாவி முழங்கை நீளம். ரெண்டு பேர் சேர்ந்து திருப்ப, தேங்காயெண்ணெய் விட, மறுபடி திருப்ப, திறந்தது. எல்லோரும் உள்ளே போனோம். தவலை, குத்துவிளக்கு, கல்யாணச் சருவம், வௌவால் வாடை. இருட்டில் செல்போன் வெளிச்சத்தில் நடந்து, தெருக்கதவு வரைக்கும் போய்விட்டோம்.

அதில் இன்னொரு பூட்டு. வீடியோவில் இருந்த அண்ணன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, "அது என்னுது இல்ல" என்றார். "அது சின்னய்யா வீட்டுப் பங்கு. சாவி ஈப்போவுல இருக்கும்."

"இரண்டாவது வழி: இல்லை" என்ற வரியை அடிக்காமல் அப்படியே விட்டு, கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். நாலு மணி மதுரை பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது ஆச்சி ஒரு தூக்கில் தேன்குழலும், இன்னொன்றில் மிச்சக் கும்மாயமும் கட்டிக் கொடுத்தார். தூக்கை அடுத்த தடவை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.